டிக் எடுக்கப் போன வீடுகள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மற்ற எல்லாக் கோளாறுகளுக்கும் ஏதாவது ஒரு கருவி உண்டு. 'ஸ்டார்ட் ஆக நேரமாகிறது' என்ற புகாருக்கு மட்டும் நாற்காலிதான் கருவி. உட்கார வேண்டும். அணைத்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி முடிந்து, படம் ஒன்று வந்து, அதன் கீழே ஒரு பட்டை இடமிருந்து வலமாக ஊர்ந்து, முடிந்தது என்று நீங்கள் நிமிரும்போது மறுபடி இடது ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கும். நீங்கள் அதை உங்கள் வீட்டில் பார்த்தீர்கள். நான் அடுத்தவர் வீடுகளில் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் புனேயில், சிஞ்ச்வட் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். ஊர் அருப்புக்கோட்டை. கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கிய அறையில் என்னோடு இருந்தவர்கள் சாகண் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்தார்கள். நான் கிளம்பும்போது தூங்குவார்கள். திரும்பும்போது வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் எனக்கு மனிதர்களோடு பழக்கம் என்பது பெரும்பாலும் அந்தப் பட்டை ஊர்ந்து முடிவதற்குள் நடந்த பழக்கம்தான்.

முதல் பாடம்

கடை முதலாளி காளே சர் மராட்டிக்காரர். எனக்கு அப்போது மராட்டி வராது என்பதால் தொழிலை இந்தியில் சொல்லிக்கொடுத்தார். ஒரு சின்னப் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் பட்டியல் ஒன்று வரும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து தாமாகவே எழுந்துகொள்ளும் எல்லாவற்றின் பெயரும் அதில் இருக்கும். பிரிண்டர், கேமரா, அகராதி, பாட்டுப் பெட்டி, மூலையில் உட்கார்ந்து வானிலை சொல்லும் பொம்மை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். வைரஸ் தடுப்பு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா டிக்கையும் எடுத்துவிட்டால் இயந்திரம் பாதி நேரத்தில் திறக்கும். நாம் உள்ளே ஏதோ பெரிய வேலை செய்திருப்பதாக வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். சர்வீஸ் தொழிலின் பாதி இதுதான்.

"அதில் ஏதாவது ஒன்று அவருக்குத் தேவைப்பட்டால்?" என்று கேட்டேன். தேவைப்படுகிறவன் தானே போய்த் திறந்துகொள்வான், நீ யோசிக்காதே என்றார். வாடிக்கையாளர் முதலில் டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டால் கதையில் இறங்கிவிடுவார், வேலை ஓடாது என்பது அவருடைய அனுபவம். டிக் முதலில், டீ அப்புறம். அடுத்த கடைக்காரருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "பெஹ்லே டிக் நிகாலோ, சாய் பாத் மே!"

எல்லாவற்றுக்கும் யெஸ்

பாணேரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் கோயமுத்தூர்ப் பையன் ஒருவர் இருந்தார். சாஃப்ட்வேர் வேலை. பெரிய ஹால். அதில் ஒரு மெத்தை, ஒரு கம்ப்யூட்டர், இஸ்திரி போட்ட சட்டைகள் தொங்கும் ஒரு கயிறு. பேசினால் எதிரொலித்தது. "நீங்களே பண்ணிக்கலாமே சார்" என்றேன். "பண்ணலாங்க. நீங்க உட்காருங்க" என்று மெத்தையைக் காட்டினார்.

பட்டியலைத் திறந்தால் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்ததில் அதுதான் நீளமானது. அவர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத நிரல்கள் எல்லாம் காலையில் அவருக்கு முன்னால் எழுந்து தயாராகிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் படித்தவர், இதை எப்படி விட்டார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். "ஆஃபீஸ்ல யாரும் என்னைய எதுவும் கேக்கறதில்லைங்க, மெயில்தான். வீட்டுக்கு வந்தா இது ஒண்ணுதான் 'நானும் கூட ஸ்டார்ட் ஆகட்டுமா'ன்னு கேக்குது. வேணாம்னு சொல்ல மனசு வராம எல்லாத்துக்கும் யெஸ் போட்டுட்டனுங்க."

பழையபடி

ராஜமாணிக்கம் சாரின் வீடு சிஞ்ச்வட்டிலேயே, ஒரு ஹவுசிங் சொசைட்டியின் மேல்மாடி. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஆனால் புனேக்கு வந்து காலம் ஆகிவிட்டது. காய்கறியை பாஜி என்றுதான் சொல்வார். மனைவி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரே மகன் அமெரிக்காவில். நான் தமிழ் என்று தெரிந்ததும் குரல் மாறிவிட்டது. "அரே, நம்ம ஊரா! மொதல்லயே சொல்ல வேண்டாமா தம்பி?" காலையில் பட்டனை அழுத்திவிட்டுக் குளித்து, விளக்கேற்றி, டீ போட்டுக் குடித்து வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் திறக்கிறது என்றார்.

காளே சர் சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். டீ வருவதற்குள் டிக்குகளை எடுத்துவிட்டேன். அவர் கோப்பையோடு வந்து நின்றபோது இயந்திரம் திறந்து சும்மா நின்றுகொண்டிருந்தது. "சபாஷ்" என்றார்.

மறுநாள் கடைக்குப் போன் வந்தது. காளே சர் கேட்டுவிட்டு, ரிசீவரைப் பொத்திக்கொண்டு, உன் ஊர்க்காரருக்கு வேகம் பிடிக்கவில்லையாம் என்று என்னிடம் நீட்டினார். மறுமுனையில் ராஜமாணிக்கம் சார், தப்பு தன்னுடையது என்பதுபோலப் பேசினார். "சீக்கிரமா திறக்குது தம்பி, ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது. பழையபடி மெதுவாவே இருந்துட்டுப் போவட்டும், வந்து மாத்திக்குடுங்க."

மஞ்சள் முகம்

என்ன வரவில்லை என்று அவருக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. "ஓரத்துல ஒரு மஞ்சள் மூஞ்சி வரும்" என்றார். நான் எடுத்த டிக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அணைத்துத் திறந்து காட்டினேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றே பார்த்தார். பிரிண்டரா? இல்லை. பாட்டா? இல்லை. இணையத்தில் எழுதி எழுதிப் பேசிக்கொள்ளும் மெசஞ்சர் ஒன்று இருந்தது. அதைப் போட்டுத் திறந்ததும் திரையின் வலது ஓரத்தில் ஒடுங்கலாக ஒரு ஜன்னல் எழுந்தது. தலைப்பில் கமலா என்ற பெயர். கீழே பாபு என்று ஒரே ஒரு பெயர், சாம்பல் நிறத்தில். கொஞ்சம் பொறுத்து யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பாபுவின் பக்கத்தில் இருந்த முகம் மஞ்சளாயிற்று, அந்தப் பக்கம் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். "பஸ், பஸ். போதும்" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பாபு அவருடைய மகன்; கமலா மனைவி. சிவாஜிநகரில் ஒரு பாங்கில் வேலை பார்த்தவர். மகன் அமெரிக்காவுக்குப் போகுமுன் அம்மாவுக்காகப் போட்டுக்கொடுத்தது அது. கமலா இறந்தபோது மகனின் விசா மாறிக்கொண்டிருந்த நேரம். கிளம்பினால் திரும்பப் போக முடியாது. வரவில்லை. இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் இவர் பட்டனை அழுத்துகிறார். மெசஞ்சர் தானே எழுந்து கமலாவின் பெயரில் உள்ளே போகிறது. கேபிள்காரன் மொட்டைமாடி வழியாக இழுத்துவிட்டிருந்த இன்டர்நெட் நாள் முழுக்க இருக்கும். அங்கே, பகலும் இரவும் மாறிக் கிடக்கும் நாட்டில், மகனின் திரையில் அம்மாவின் பெயர் மஞ்சளாகிறது. இங்கே மகனுடையது மஞ்சளாகிறது. இருவரும் ஒரு எழுத்துகூட எழுதிக்கொண்டதில்லை.

டைப் பண்ணச் சொல்லித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பையன் ஏன் போன் பண்ணுவதில்லை, சொன்னால் சொன்னதுதானா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சின்ன வயசுல ஒரு பேச்சு கேட்டதில்லை தம்பி. இந்த ஒண்ணை மட்டும் கேட்டுக்கிட்டான்."

சதுரங்கள்

அதே சொசைட்டியில் அடுத்த கட்டிடத்தில் ஒரு மராட்டி அம்மாள் இருந்தார். பிள்ளைகள் ஹாஸ்டலில், கணவர் டூரில். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தொடங்கிவிட்டால் திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள் வரும். ஒவ்வொன்றாக நிறம் மாறி இடம் மாறும். ஒரு பிற்பகல் முழுக்க ஓடும். நான் போய்விட்டு வருகிறேன் என்றேன். அவர் ஒரு கட்டு வெந்தயக் கீரையை மடியில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்திருந்தார். ஒரு நீலச் சதுரம் சிவப்புகளைத் தாண்டிப் போய்த் தன் வரிசையில் சேர்ந்தபோது தலையை ஆட்டினார்.

பிறகு அவராகவே அடிக்கடி கூப்பிட்டார். ஸ்லோவாக இருக்கிறதா என்றால், தெரியவில்லை, ஆனால் அந்தச் சதுரங்களை ஓடவிட வேண்டும் என்பார். சிதறவே இல்லை, ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று ஒருநாள் காட்டினேன். அவர் முகம் வாடியது. இந்தியில் சொன்னார்: "இந்த வீட்டில் எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போயாயிற்று. இது ஒன்றைத்தான் போகும்போது உட்கார்ந்து பார்க்க முடிந்தது."

பதில் சொல்லவில்லை

திறப்பதற்கு நேரமாகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். மூடுவதற்கு நேரமாகிறது என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. பெரும்பாலானோர் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராஜமாணிக்கம் சார் அப்படிச் செய்கிறவர் இல்லை. அவர் ஷட் டவுன் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். சில நாள் டீயும் முடிந்து, கீழே போய்ப் பால் வாங்கி வந்த பிறகும் அப்படியே இருக்கிறதாம்.

நான் பார்த்தபோது திரையில் ஒரு பெட்டி நின்றது. மெசஞ்சர் பதில் சொல்லவில்லை, இப்போதே முடித்துவிடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஒரு நொடியில் எல்லாம் அணைந்துவிடும். நீங்களும் யோசிக்காமல் அழுத்தியிருப்பீர்கள். "இவ்வளவுதான் சார், இதை ஒரு தட்டு தட்டுங்க" என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கையைக் கொண்டுவரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பெட்டி அப்படியே நின்றது. பிறகு என்ன தோன்றியதோ, அதுவாகவே மறைந்து, இயந்திரம் அணைந்தது. அப்போதுதான் பேசினார். "ஆஸ்பத்திரியில இதே மாதிரிதான் கேட்டாங்க, பதில் இல்லை, மிஷினை எடுத்துடலாமான்னு. அப்ப சரின்னுட்டேன். இது தானா அணையட்டும் தம்பி, எனக்கு என்ன அவசரம்."

வியாழக்கிழமை

சிஞ்ச்வட்டில் வியாழக்கிழமை கரண்ட் இருக்காது. எப்போது போகும் என்பதில் மட்டும் வித்தியாசம் இருக்கும். ராஜமாணிக்கம் சார் வியாழக்கிழமைகளில் விடியும் முன்பே பட்டனை அழுத்திவிடுவார். கரண்ட் போனால் பேட்டரிப் பெட்டி கத்த ஆரம்பிக்கும். அது கத்தி ஓய்வதற்குள் மெசஞ்சர் எழ வேண்டும், மகனின் பெயர் மஞ்சளாக வேண்டும். சில வாரம் எழுந்தது. சில வாரம் பாதியிலேயே எல்லாம் இருண்டது. அப்படி இருண்டு இருண்டு, ஒருநாள் உள்ளேயிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிற சத்தம். 

புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிடலாம். அது பெரிய வேலை இல்லை. ஆனால் மெசஞ்சருக்குப் பாஸ்வேர்ட் வேண்டும். இத்தனை நாள் அது தன் ஞாபகத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டைத் தானே போட்டுக்கொண்டு உள்ளே போனது. அந்த ஞாபகம் இந்தப் பழைய டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் கமலாவின் பெயர் இனி எரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அம்மா பாஸ்வேர்ட் என்ன வைத்திருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்சம் பெருமையோடு சொன்னதுபோல இருந்தது. "அவ பாங்க் ஆளு தம்பி. புருஷனுக்கும் சொல்லக்கூடாதுன்னு அங்க சர்க்குலர் வந்துது, அதனால சொல்லலை."

ஐஸ்பெட்டி

இறந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை உறையவைத்து எடுத்தால் கடைசியாக ஒரு தடவை ஓடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. யார் சொன்னது என்று தெரியாது. எல்லாரும் ஒரு தடவையாவது செய்து பார்த்திருப்பார்கள். நான் காளே சரிடம் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் டிக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பக்கத்து ஜூஸ் கடைக்காரரின் ஐஸ்பெட்டியில், குல்ஃபிக்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார். யாராவது எடுத்துச் சாப்பிட்டால் நான் பொறுப்பில்லை என்று ஜூஸ் கடைக்காரர் சொன்னார்.

மறுநாள் எடுத்து மாட்டினோம். பனி உருகித் துளித் துளியாக மேசையில் விழுந்தது. நகல் எடுக்கும் பட்டை ஊர்ந்தது. காளே சர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வேலைக்காக அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் படங்கள் வந்தன. மின்கட்டணம் பற்றிய கோப்புகள் வந்தன. மெசஞ்சரின் நிரலும் வந்தது. பாஸ்வேர்ட் இருந்த மூலைக்கு வருவதற்கு முன் டொக்கென்று நின்றது. பிறகு எழவே இல்லை. காளே சர் ஷட்டரைத் தூக்கினார். பூட்டு வந்துவிட்டது, சாவி வரவில்லை என்பதைத் தெருவைப் பார்த்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "தாலா ஆ கயா, சாபி நஹி ஆயி."

கேள்வி

புது டிஸ்க்கோடு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அவர் வீட்டில் மாட்டினேன். புது இயந்திரம்போலச் சட்டென்று திறந்தது. மெசஞ்சர் எழுந்து, கமலாவின் பெயருக்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டி நின்றது. அவருக்குத் தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தோம். மகன் பெயர், ஊர்ப் பெயர், குலதெய்வம். கடைசியில், கூச்சத்தோடு, தன் பெயரைச் சொன்னார். அதுவும் இல்லை.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் போக ஒரு வழி உண்டு. போனோம். பிறந்த தேதி கேட்டது. "சர்டிபிகேட் தேதியா, நெஜத் தேதியா?" என்றார். சர்டிபிகேட் தேதி செல்லுபடியாயிற்று. பின்கோடு கேட்டது, அதுவும் சரி. நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கு ஆபீஸ் ஆள். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருந்தது. அடுத்து, கணக்கைத் தொடங்கும்போது கமலா அம்மாள் தானே தேர்ந்தெடுத்துப் பதிலும் எழுதிவைத்திருந்த ரகசியக் கேள்வி வந்தது. நான் தமிழில் சொன்னேன்: உங்களுக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு எது?

"பொழுதுபோக்கா? கமலாவுக்கா?" என்றார்.  டிவி என்று போடச் சொன்னார். இல்லை. கோயில். இல்லை. சமையல் என்று ஆரம்பித்து அவரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். தப்புப் பதில்கள் அதிகமானால் பூட்டிவிடுவேன் என்று திரை எச்சரித்தது. அதைச் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். டெலிபோனைப் பார்க்காமல், அது இருந்த ஸ்டூலை மட்டும் பார்த்தார். "காலையில நாலு மணிக்கு எழுந்து சாப்பாட்டு டப்பா கட்டுவா, லோக்கல் ட்ரெயினைப் பிடிப்பா, ராத்திரி வந்து மறுபடி அடுப்பு. எனக்குத் தெரிஞ்சு அவளுக்குப் பொழுதே இல்லை தம்பி. அவனைத்தான் கேக்கணும்."

போன்

எண்ணை எங்கும் தேடவில்லை. மனப்பாடமாகவே சுற்றினார். நான் வெளியே போகிறேன் என்று எழுந்தேன். உட்காரு என்று கையால் அழுத்திக் காட்டினார். பழைய போன், ரிசீவரிலிருந்து குரல் வெளியே கேட்கும். "நான்தான்" என்றார்.  பையன் கேட்டான்: "அம்மா ஏம்ப்பா ஒரு வாரமா வரலை?" ராஜமாணிக்கம் சார் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "மிஷின் கெட்டுப்போச்சுடா. சரி, அதை விடு. இங்க கம்ப்யூட்டர்ல ஒரு கேள்வி கேக்கறான். அம்மாவுக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு என்ன?"

பையனுக்கும் உடனே தெரியவில்லை. ரேடியோ என்றான், போட்டேன், இல்லை. தையல் என்றான். "தைக்கறது ஒரு பொழுதுபோக்காடா? உன் டவுசர் கிழிஞ்சா தச்சா" என்று அப்பா அதட்டினார். அங்கே சிரிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு பையன் எதையோ நீளமாகச் சொன்னான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இவர் மட்டும் இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த ஸ்டேஷன்ல? சிவாஜிநகர்லயா? வந்த லோக்கலை எதுக்குடா விடணும்? பெஞ்சுல உக்காந்து? சும்மாவா? உங்கிட்ட எப்ப சொன்னா? எனக்குத் தெரியாதே." ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, ட்ரெயின் என்று போடு என்றார். போட்டேன். இல்லை. லோக்கல். இல்லை. ஸ்டேஷன். பூட்டிவிட்டது. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மறுபடி முயலவும் என்று திரையில் வந்ததைப் படித்துச் சொன்னேன்.

அவர் அதை உடனே மகனிடம் சொல்லவில்லை. நின்றபடி பேசிக்கொண்டிருந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம், அப்போ வெச்சுடவாப்பா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குப் போகலாம் என்று கை காட்டினார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன். பின்னால் அவர் குரல், அலுவலகத்தில் யாருக்கோ வேலை சொல்வதுபோலக் கறாராகக் கேட்டது. "இப்ப வேணாம்னுட்டான். நாளைக்கு இதே நேரத்துக்குப் பண்றேன், அம்மாவுக்கு இன்னும் என்னென்ன பிடிக்கும்னு நீயும் யோசிச்சு வை. பெஞ்சுல அவ எந்தப் பக்கமா உக்காருவான்னு சொன்னே?"

அந்தக் கணக்கு எப்போது திறந்தது, திறந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை, எங்கள் தொழிலில் அதைத்தான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.